மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு காலத்தில் கடல் தெரியும். இப்போது எதிரே உள்ள அடுக்கு மாடிக் கட்டடத்தில் உலர்த்தியிருக்கும் புடவைகள் தெரிகின்றன. ஆனால் கடற்காற்றை மட்டும் யாராலும் மறித்துவிட முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அது பட்டினப்பாக்கத்திலிருந்து கிளம்பி, அடையாற்றுக் கழிமுகத்தைத் தடவிக்கொண்டு, எங்கள் தெருவுக்குள் தவறாமல் வந்து சேருகிறது. அந்த நேரத்தில் நான் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவது வழக்கம். அந்த நேரம் பார்த்து யாராவது பேச வருவதும் வழக்கம்.

சென்ற மாதம் அப்படி வந்தவன் அடுத்த வீட்டுப் பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு அந்தமானுக்குப் போய்விட்டு வந்திருந்தான். முகம் கறுத்திருந்தது, ஆனால் உற்சாகம் தாங்கவில்லை.

"மாமா, நான் கடலுக்கு அடியிலே போய்ட்டு வந்தேன்! பன்னிரண்டு மீட்டர் ஆழம்! முப்பத்தைந்து நிமிஷம்!" என்றான்.

செல்போனை நீட்டினான். முதுகில் சிலிண்டர், கண்ணில் கண்ணாடி, வாயில் குழாய், காலில் வாத்துக்கால் போல ஒரு மட்டை. இத்தனைக்கும் நடுவில் அவன்தான் இருக்கிறான் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பின்னால் பவளப் பாறைகளும், கோடு போட்ட மஞ்சள் மீன்களும் இருந்தன. அவனுடைய பாட்டியும் கூட வந்திருந்தாள். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். "காதிலே தண்ணி போகலையாடா?" என்று கேட்டாள்.

பையன் சிரித்தான். பிறகு, "நம்ம ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் எங்கே மாமா தெரியும்? வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சுக் கொடுத்ததாலே நாம கடலுக்குள்ளே என்ன இருக்குன்னு இப்பத்தான் பார்க்கிறோம்" என்றான்.

நான் அப்போது பதில் ஒன்றும் சொல்லவில்லை. பையன் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் காரணம். பாதி உண்மையை மறுப்பதற்கு முழுப் பொய்யை மறுப்பதைக் காட்டிலும் அதிக நேரம் வேண்டும். அந்த நேரத்தை இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுவோம். 1943-ஆம் வருஷம், யுத்தத்தின் மத்தியில், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும், எமீல் கான்யான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து 'அக்வாலங்' என்ற கருவியைச் செய்தார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார்களை வாயுவில் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த மோட்டார்களுக்கென்று கான்யான் ஒரு வால்வு செய்திருந்தார். அதையே மாற்றி அமைத்து மனிதனின் வாயில் பொருத்தினார்கள். மூச்சை இழுத்தால் வால்வு திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சரியாகக் காற்று வரும்.  அன்றுமுதல் மனிதன் கயிறும் குழாயும் இல்லாமல் மீனைப் போலக் கடலுக்குள் உலாவ முடிந்தது. நாம் இன்று ஸ்கூபா என்று சொல்வது இந்தக் கருவியின் வழிவந்ததைத்தான்.

இனி மறு பாதிக்கு வருவோம். பையன் இறங்கிய பன்னிரண்டு மீட்டர் என்பது நாற்பது அடி. நம் கடற்கரைக்காரர்கள் ஆழத்தைப் பாகம் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. அந்தக் கணக்கில் பையன் இறங்கியது ஏறக்குறைய ஏழு பாகம். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். அந்தப் பார்கள் கிடக்கும் ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பாரிலும், மன்னாருக்குத் தெற்கே இலங்கைக் கரையில் உள்ள பார்களிலும் நம்மவர்கள் இரண்டாயிரம் வருஷங்களாக அந்த ஆழத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். சிலிண்டர் இல்லை, கண்ணாடி இல்லை. கையில் ஒரு கயிறு, காலில் ஒரு கல், நெஞ்சில் ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

இந்தச் சரித்திரம் கொற்கையில் தொடங்குகிறது. தாமிரபருணி கடலில் கலந்த இடத்தில் பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த ஊர் அது. கொற்கை முத்தின் புகழைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லும்போது தாமிரபருணியின் பெயரையும் பாண்டிய நாட்டின் பெயரையும் சொல்கிறது. ரோமாபுரிச் சீமாட்டிகள் முத்துக்காகக் கொட்டிக் கொடுத்த பணத்தைப் பார்த்துப் பிளினி என்ற அறிஞர் வயிறெரிந்திருக்கிறார். இந்தியாவும் சீனமும் அரேபியாவும் சேர்ந்து வருஷத்துக்குப் பத்துக் கோடி ஸெஸ்டர்ஸ் நாணயத்தை நம்மிடமிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன என்று அவர் எழுதி வைத்தார்.

முத்தைப் பற்றி இத்தனை பேர் எழுதினார்கள். அதை எடுத்தவனைப் பற்றி யார் எழுதினார்கள்? கி. பி. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து இந்தியக் கரை வரை உள்ள துறைமுகங்களைப் பட்டியல் போட்ட ஒரு கிரேக்க வணிகன், கொற்கைக்கு வந்ததும் ஒரே ஒரு வரி எழுதுகிறான். அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறான். எனக்குத் தெரிந்தவரையில் நம்முடைய குளியாள் உலகச் சரித்திரத்தில் முதல் முதலாகத் தலை காட்டும் இடம் அது. கொற்கை முத்து ராஜகுமாரிகளின் கழுத்தில் ஏறிச் சரித்திரத்துக்குள் நுழைகிறது. அதை எடுத்தவன் கைதியாக நுழைகிறான். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிமேல் சொல்லப் போகிற கதை முழுவதும் இதன் விரிவுதான்.

கொற்கையைக் கடல் கைவிட்டது. ஆறு கொண்டுவந்த வண்டல் சேர்ந்து சேர்ந்து, துறைமுகம் கரையாகி, கரை வயலாகிவிட்டது. இன்று கொற்கையில் நின்றால் கடல் சில மைல்களுக்கு அப்பால் இருக்கிறது. கொற்கைக்குப் பின் காயல் தலையெடுத்தது. காயல் என்றாலே கடல் நீர் உள்ளே புகுந்து தேங்கிக் கிடக்கும் உப்பங்கழி. நம் பேட்டைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அடையாற்று முகத்தில் தினமும் பார்க்கிறோம். பழைய காயலும் தூர்ந்து போய்த் தூத்துக்குடி தலையெடுத்தது. துறைகள் இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தன. பார்கள் மட்டும் இடம் மாறவில்லை. அவற்றில் இறங்கிய மனிதனின் நிலையும் மாறவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ வந்தார். நம் சாந்தோம் பக்கத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. மயிலாப்பூர்க் கரையிலுள்ள தோமையார் சமாதியைப் பற்றி எழுதிய பிரயாணி அவர். அதே புத்தகத்தில் பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பையும் நுட்பமாக வர்ணித்திருக்கிறார். வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து படகு பிடிப்பார்கள். கூலிக்குக் குளியாட்களை அமர்த்துவார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா மீன்கள் கிட்ட வராதபடி மந்திரம் போடும் ஆசாமிகளுக்கு! இந்த மந்திரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பகலில் மட்டுந்தான் கட்டு. மாலையானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் யாராவது திருட்டுத்தனமாக இறங்கினால் சுறா பார்த்துக்கொள்ளும். காவலுக்கு ஆள் போடும் செலவு இதனால் மிச்சமாயிற்று!

இந்த மந்திரக்காரனுக்கு நம்மவர் வைத்த பெயர் கடற்கட்டி. சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரச் சர்க்காரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவனுக்குப் படி அளந்தது. அவன் கரையில் இல்லாவிட்டால் ஒருவனும் தண்ணீரில் காலை வைக்க மாட்டான்; சர்க்காருக்கு வருமானம் போய்விடும். இலங்கையில் பெரிய அதிகாரியாக இருந்த எமர்ஸன் டென்னென்ட் இன்னொரு வேடிக்கையையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் காலத்தில் பரம்பரை பாத்தியதையாக அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர்! மதம் மாறலாம், சுறா மாறவில்லையே. மந்திரமும் மாறாமல் இருந்தது. சுறாவால் நேர்ந்த சாவுகள் உண்மையில் மிக மிகக் குறைவு என்பதையும் டென்னென்ட் சொல்லத் தவறவில்லை. மந்திரத்தின் மகிமையோ, ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் குதிக்கும் அமளியில் சுறாவுக்கு ஏற்பட்ட மிரட்சியோ, நாம் அறியோம்.

மதம் மாறிய கதையும் முத்தோடு பின்னியதுதான். முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530-களில் கடலின் உரிமைக்காகப் பெரும் சண்டையில் சிக்கியிருந்தார்கள். துணை தேடிப் போர்த்துகீசியரிடம் போனார்கள். 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். அதாவது, அவர் வருமுன்பே மாற்றம் நடந்துவிட்டது. பிறகு 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். கொடிகள் மாறின. கொடி எதுவானாலும் கடலின் அடியில் கிடந்த சிப்பிக்குச் சொந்தக்காரர் கரையிலிருந்த துரைதான்.

சலாபம் என்று முத்துக்குளிப்புக்கு ஒரு பெயர் உண்டு. சிலாபம் என்றும் சொல்வார்கள். இலங்கைக் கரையில் சிலாவத்துறை என்ற ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். சலாபம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் இந்தக் கடல் அடங்கியிருக்கும். நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்று வீசத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான தோணிகள் பாய் விரித்துப் புறப்படும். தோணிக்கு உடையவர் சம்மாட்டி. குளியாட்கள் தூத்துக்குடிப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வரும் அரபிகள். பொழுது விடியும்போது பாரைச் சேர்ந்துவிடுவார்கள். அடையாளம் காட்டியதும் குதிக்க வேண்டும்.

குளிக்கிறவன் கயிற்றில் கட்டிய ஒரு கல்லின் மேல் காலை ஊன்றிக்கொள்வான். முப்பது, நாற்பது ராத்தல் கனமிருக்கும். இன்னொரு கயிற்றில் ஒரு வலைப்பை. மூச்சை முழுக்க இழுத்து, மூக்கைக் கையால் பிடித்துக்கொள்வான். அரபிகள் மாத்திரம் மூக்குக்கு ஒரு கவ்வி மாட்டுவார்கள். மேலே தோணியில் இருப்பவன் கயிற்றை விட்டதும் கல் ஆளை இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். தரையைத் தொட்டவுடன் கல்லை விட்டுவிட்டு, கண்ணுக்கு எட்டின, கைக்கு எட்டின சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட வேண்டும். நெஞ்சு முட்டும்போது கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் மேலே இருப்பவன் சரசரவென்று இழுத்துவிடுவான். மொத்தம் ஐம்பது, அறுபது விநாடி. நல்ல குளியாளுக்கு எண்பது, தொண்ணூறு. கல்லுக்கு இரண்டு பேர். ஒருவன் மேலே மூச்சு வாங்கும்போது இன்னொருவன் கீழே இருப்பான். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை இப்படி.

தண்ணீருக்கடியில் முப்பத்து மூன்று அடிக்கு ஒரு தரம் நம் மேல் ஒரு முழு வாயுமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அந்த ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அறுபத்தாறு அடியில் மூன்றில் ஒன்று. செவிப்பறை உள்நோக்கி வளையும். வழி தெரியாதவனுக்குக் கிழிந்தும் போகும். மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவது குளியாட்களுக்குச் சகஜம். பாட்டி கேட்ட கேள்வி அசட்டுக் கேள்வியல்ல. இந்தத் தொழிலின் முதல் கேள்வியே அதுதான்.

நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்பும். தோணிகளும் திரும்பும். எடுத்த சிப்பியைக் கடலில் வைத்துத் திறக்கக் கூடாது. கரையில் சர்க்கார் பட்டிக்குள் கொண்டு போய்க் கொட்டிப் பங்கு பிரிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூன்றில் ஒன்று குளித்தவர்களுக்கு. அந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கயிறு பிடித்தவனுக்கும் பங்கு போக வேண்டும். சர்க்கார் தன் பங்கை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்று பிரமதேவனுக்கும் தெரியாது. லட்சாதிபதியான செட்டியாரும் நாலணாக்காரனும் ஒரே மாதிரி குருட்டாம்போக்கில்தான் வாங்க வேண்டும்.

வாங்கிய சிப்பியை வெயிலில் போட்டு அழுகவிடுவார்கள். ஈ மொய்க்கும், புழு வைக்கும். அந்த நாற்றம் பல மைல் தூரம் அடிக்குமாம். அழுகியதைக் கழுவி, வண்டலை அரித்து, முத்தைப் பொறுக்குவார்கள். பிறகு பித்தளைச் சல்லடைகளில் சலித்து ரகம் பிரிப்பார்கள். ஆணி, ஆணிதாரி, மசங்கு, களிப்பு, குறவல், பீசல், மடங்கு, வடிவு, தூள் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஆணிமுத்து என்று குழந்தையைக் கொஞ்சுகிறோமே, அது இந்தப் பட்டியலின் முதல் ரகந்தான். இந்தப் பெயரிடும் வழக்கம் நேற்று வந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நகைகளைச் சொல்லும்போது வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி என்று முத்துக்களை வகை வகையாக எண்ணிப் பொறித்திருக்கிறார்கள். கோணல் முத்துக்குக்கூட ஒரு பெயர் கிடைத்தது. மூழ்கியவனுக்கு அந்த வழக்கத்தில் இடமில்லை.

சலாபங்களில் மிகப் பெரியது என்று 1905-ஆம் வருஷத்து இலங்கைச் சலாபத்தைச் சொல்வார்கள். ஆளற்ற மணல் வெளியான மரிச்சுக்கட்டியில் திடீரென்று ஒரு பட்டணமே முளைத்தது. முந்நூறுக்கு மேற்பட்ட தோணிகள். ஏறக்குறைய ஐயாயிரம் குளியாட்கள். எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். சர்க்காருக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் போலக் கிடைத்தது. லண்டனில் இதைக் கேட்டவர்களுக்கு நாவில் நீர் ஊறியது. மறு வருஷமே ஒரு கம்பெனி ஆரம்பித்து, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது வருஷத்துக்குக் கடலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கடலுக்குக் குத்தகைச் சட்டம் தெரியவில்லை. அடுத்த சில வருஷங்களில் பார்கள் வெறுமையாகிவிட்டன. கம்பெனி பத்து வருஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை.

அந்த 1906-ஆம் வருஷத்துச் சலாபத்தில் பட்டியை மேற்பார்வையிட ஒரு வாலிப அதிகாரி வந்திருந்தார். பெயர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர், நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். அந்தக் கரையின் நாற்றத்தையும் நெரிசலையும் அவரால் மறக்கவே முடியவில்லை. முத்தையும் பன்றியையும் தலைப்பிலே வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி குடியிலும் ஜன்னியிலும் பிதற்றிச் சாகிறான். அதே இரவில் கடலில் இறந்துபோன ஓர் அரபிக் குளியாளின் உடல் கரைக்கு வருகிறது. அவனுடைய தோழர்கள் அவனை எவ்வளவு அமைதியோடும் கௌரவத்தோடும் வழியனுப்புகிறார்கள் என்பதை வுல்ஃப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். யார் நாகரிகமானவர்கள் என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறார். இதே இலங்கை முத்துக்குளிப்பை வைத்து 1863-இல் பாரிஸில் பீஸே என்ற சங்கீத மேதை ஓர் இசை நாடகமும் போட்டார். அதில் வரும் முத்துக்குளிப்பவர்கள் அற்புதமாகப் பாடுகிறார்கள். காது செவிடானவர் யாரும் அதில் வருவதாக எனக்கு ஞாபகமில்லை.

எனக்குத் தெரிந்த குளியாள் ஒருவர் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, கடற்கரையோரம் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் அவர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து நடந்த சலாபங்களில் இளவட்டமாகக் குளித்தவர். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவருடைய பேரன் அவர் காதருகே வாயை வைத்துக் கத்திச் சொன்னான். "பெரிய முத்து ஏதாவது கிடைத்ததா, ஐயா?" என்று நான் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாங்க சிப்பிதான் எடுத்தோம், ஐயா. முத்து கரையிலே இருந்தவங்களுக்குத்தான் கிடைச்சிது" என்றார்.

கசப்போடு சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னார். பிறகு தாமாகவே வேறு ஒன்று சொன்னார். அடியில் போய்ச் சேர்ந்ததும் முதல் இரண்டு விநாடி ஒன்றும் செய்யத் தோன்றாதாம். பச்சை வெளிச்சமும், அசையும் பாசியும், பக்கத்தில் வந்து மூஞ்சியைப் பார்க்கும் மீனும். "அந்த ரெண்டு விநாடி மட்டும் நமக்கு" என்றார். அந்தமானிலிருந்து வந்த பையன் முப்பத்தைந்து நிமிஷத்துக்குக் காசு கொடுத்து வாங்கியதை, இவர் நாற்பது முறைக்கு இரண்டு இரண்டு விநாடியாகத் திருடி அனுபவித்திருக்கிறார்.

இந்திய சர்க்கார் காலத்தில் நடந்த அந்த 1961-ஆம் வருஷத்துச் சலாபமே தூத்துக்குடியில் கடைசி. அதன் பிறகு பார்களில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. முன்பும் இப்படிப் பல வருஷம் வெறுமையாகக் கிடந்து மீண்டதுண்டு. இலங்கையில் 1891-க்குப் பிறகு 1903 வரை ஒன்றுமில்லை. ஹெர்ட்மன், ஹார்னெல் என்ற இரு விஞ்ஞானிகள் 1902-இல் வந்து ஆராய்ந்ததும் அதற்காகத்தான். சிப்பிக்குப் பல சத்துருக்கள் உண்டு. திருக்கை மீன் கடித்துத் தின்னும்; நட்சத்திர மீன் தின்னும். சூரன் என்று ஒரு மட்டி இருக்கிறது. பெயருக்கு ஏற்ற அசுரன். பாய் விரித்தது போலப் பார் முழுவதும் படர்ந்து குஞ்சுச் சிப்பிகளை மூச்சுத் திணற வைத்துவிடும். மூச்சை நம்பிய தொழில், கடைசியில் சிப்பிக்கும் மூச்சு முட்டித்தான் நின்றது போலும்.

அந்தச் சமயத்தில்தான் கூஸ்தோவின் கருவி நம் கடலுக்கு வந்தது. 1956-இல் விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க், தம் நண்பர் மைக் வில்ஸனுடன் அதை மாட்டிக்கொண்டு இலங்கைக் கடலில் இறங்கினார். விண்வெளியில் எடையற்று மிதப்பதற்கு மிக நெருங்கிய அனுபவம் கடலுக்கடியில்தான் கிடைக்கிறது என்பது அவருடைய எண்ணம். 2008-இல் கண்ணை மூடும்வரை அந்தத் தீவைவிட்டுப் போகவில்லை. அதே 1956-இல் திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே, போர்த்துகீசியர் 1620-களில் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசுவரம் கோயிலின் சிற்பத் தூண்களை வில்ஸன் கண்டார். 1961-இல் இலங்கையின் தெற்குக் கரைக்கு அப்பால் உள்ள பாறைத் தொடரில், ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்ததையும் அவருடைய கோஷ்டி எடுத்தது. சூரத் நாணயசாலையில் அடித்த ரூபாய்கள்!

இந்தப் பக்கத்திலும் காரியம் நடந்தது. மகாதேவன், நாகப்பன் நாயர் என்ற இரு கடல் விஞ்ஞானிகள் 1960-களில் அக்வாலங் மாட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பார்களில் இறங்கி, அங்கே என்னென்ன உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்று எழுதினார்கள். குளியாள் கையால் தடவி அறிந்ததை விஞ்ஞானி கண்ணால் பார்த்துக் கணக்கெடுத்தார். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் சிப்பியை வளர்த்து உருண்டையான முத்தை விளைவித்துக் காட்டினார். இனிமேல் முத்துக்காக ஒருவன் காது செவிடாக வேண்டியதில்லை. அந்த வரையில் சந்தோஷம்.

ஆனால் சங்கு இருக்கிறதே! வங்காளத்து வளையலுக்கும் கோயில் வலம்புரிக்கும் சங்கு வேண்டும். அதற்கு இன்றும் ஆள் இறங்க வேண்டும். மூச்சடக்கிய காலம் போய், காற்றை அடைத்துக் கொடுக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. அடைத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்தால் அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் சோடாப் புட்டியைத் திறந்தது போலக் குமிழி கிளம்பி, மூட்டைப் பிடிக்கும். முதுகுத்தண்டைத் தாக்கிக் காலை முடக்கும். அந்தமானில் நம் பையனுக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். கையில் கடிகாரம், தலையில் அட்டவணை. வயிற்றுப் பிழைப்புக்காகக் கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு ஆசிரியரும் இல்லை, அட்டவணையும் இல்லை. கருவி புதிது, பங்கு பிரிக்கும் முறை பழையது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே இருபத்தொரு தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்க அரண் இல்லாமல் இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. 1986-இல் அந்தக் கடலைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். பாரும் தீவும் நம் பாட்டன் சொத்து என்று பெருமை பேசுகிறோம். அங்கே இறங்கியவனையும் அவன் இறங்கிய இடத்தையும் காப்பாற்றத் தெரியாதவர்களுக்கு அந்தப் பெருமை எப்படிச் சேரும்?

போன ஞாயிற்றுக்கிழமை பையன் மறுபடி வந்தான். இதில் பாதியை அவனிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கினான். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. பாட்டி, "விடுடா, விடுடா" என்று பதறினாள். விட்டான்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நாற்பத்திரண்டு விநாடி, மாமா."

"இதற்குள் நாற்பது அடி இறங்கி, சிப்பி பொறுக்கியிருக்க வேண்டும். இன்னும் மேலே வர வேண்டும்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு, "தூத்துக்குடிக்கு ரயில் ராத்திரி எத்தனை மணிக்கு, மாமா?" என்று கேட்டான்.

சொன்னேன். அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறாரோ இல்லையோ. அவருடைய பேரனாவது இருப்பான். கத்திப் பேச வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.